ஐம்பது வயது மோட்டார் சைக்கிளுக்கு வின்டேஜ் பதிவு: தகுதி, காகிதம், பராமரிப்பு

என் தாத்தா 1972ஆம் ஆண்டு மார்ச் மாதம் மதுரையில் பதிவு செய்த 350 சிசி புல்லட், அவர் காலமான பிறகு நாகமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் சாக்குப் போர்த்தி நின்றது. நான் அதை வெளியே இழுத்தபோது, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பாறையிலும் ஓடையிலும் கால் ஊன்றாமல் ஏறி இறங்கும் ட்ரையல்ஸ் போட்டிகளின் பழைய படங்களைப் பார்த்து மயங்கியிருந்த நான், பின் மட்கார்டை அறுத்தேன், சைலன்சரை மேலே தூக்கிக் கட்டினேன், சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்தேன். செய்த ஒவ்வொன்றையும் பிறகு திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று. பதினான்கு மாதங்களும் ஏறத்தாழ 38,000 ரூபாயும் வீணாயின. அந்த வீண் அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை வரிசைப்படி எழுதுகிறேன்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்சி புக்கைத் தேடுங்கள்

வண்டி ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. அதன் காகிதம் எங்கே, யார் பெயரில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பழைய பதிவுச் சான்று கையால் எழுதப்பட்ட சிறு புத்தகமாக இருக்கும். அதில் முதல் பதிவுத் தேதி, சேசிஸ் எண், இன்ஜின் எண், உரிமையாளர் பெயர், வரி கட்டிய குறிப்பு ஆகியவை தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் காட்டிப் பிரிக்க முயலாமல், உலர்ந்த நிலையிலேயே மெல்ல விலக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

புத்தகம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் தெரிவித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெற்று, படிவம் 26 வழியாக நகல் கேட்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கணினி வருவதற்கு முன் பதிவான வண்டிகளில் பலவற்றின் விவரம் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் இருக்காது. அப்படியிருந்தால் பழைய பதிவேட்டைப் பார்த்து அலுவலகத்தாரே விவரத்தை ஏற்ற வேண்டும். இதை அவர்கள் 'பேக்லாக் என்ட்ரி' என்பார்கள். மதுரையில் இப்போது தெற்கு (டிஎன் 58), வடக்கு (டிஎன் 59), மத்தி (டிஎன் 64) என மூன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் முகவரி எந்த அலுவலகத்துக்கு உட்பட்டது என்பது ஒன்று, உங்கள் வண்டியின் பழைய பதிவேடு எந்த அலுவலகத்தில் உறங்குகிறது என்பது வேறு ஒன்று. திண்டுக்கல் 1985இலும் தேனி 1996இலும் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தவை என்பதால், போடியிலோ நத்தத்திலோ வாங்கிய வண்டிக்கும் மதுரைப் பதிவு இருக்கக்கூடும். பதிவேடு இருக்கும் இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகே மனு எழுதுங்கள்.

2. ஐம்பது ஆண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ஆம் ஆண்டு ஜூலையில் சேர்க்கப்பட்ட 81ஏ முதலான விதிகளே வின்டேஜ் பதிவுக்கு அடிப்படை. இரு சக்கர வாகனமோ நான்கு சக்கர வாகனமோ, சொந்தப் பயன்பாட்டுக்கு உரியதாகவும், முதல் பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்ததாகவும் இருக்க வேண்டும். தயாரிப்பு ஆண்டை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 1973இல் தயாரான வண்டி விற்காமல் நின்று 1977இல் பதிவாகியிருந்தால், 2027இல்தான் அது தகுதி பெறும். "அம்பது வருஷத்து வண்டி சார்" என்று தரகர் சொன்னதை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டு, ஆர்சியில் 1979 என்று இருப்பதைப் பார்த்து விழித்த ஒருவரை நான் அறிவேன்.

3. வின்டேஜ் பதிவு உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

பலரும் இதைக் கௌரவப் பட்டமாக நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பதிவு வண்டியின் அன்றாட வாழ்க்கையை முடித்துவிடும். வின்டேஜ் வண்டியைக் கண்காட்சிக்கும், வின்டேஜ் பேரணிக்கும், தொழில்நுட்ப ஆய்வுக்கும், எரிபொருள் நிரப்பவும், பராமரிப்புக்கும் மட்டுமே சாலையில் ஓட்டலாம். வழக்கமான பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோவில் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், இது உங்களுக்கான பதிவு அன்று.

அப்படிப்பட்டவர்கள் சாதாரணப் பதிவையே படிவம் 25 மூலம் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. இருபது ஆண்டைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்துடன் பசுமை வரி தனி. தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் சேரும் என்பதை மறக்காதீர்கள். மூன்று ஆண்டு தாமதம் என்றால் அதற்கு மட்டும் 10,800 ரூபாய். வண்டியின் இன்ஜினோ சேசிஸோ மாறியிருந்து, வின்டேஜ் தகுதி கிடைக்காது என்று தெரிந்தாலும் இந்த வழிதான். ஆனால் அந்த மாற்றம் ஆர்சியில் முறையாக ஏறியிருக்க வேண்டும்.

நான் வின்டேஜ் பதிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. வேலைக்குப் போக எனக்கு வேறு வண்டி இருக்கிறது. இதை விற்கப் போவதுமில்லை.

4. 'அசல் வடிவம்' என்றால் என்ன

விதி சொல்வது இதுதான்: வண்டி அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ உடற்கூட்டிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. ஒரே வாக்கியம்தான். ஆனால் நம் ஊர் புல்லட்டுகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்தில்தான் இடறி விழுகின்றன.

முதலாவது, டீசல் இன்ஜின். ஒரு காலத்தில் மைலேஜுக்காகப் பெட்ரோல் புல்லட்டில் டீசல் இன்ஜினைப் பொருத்துவது வழக்கமாக இருந்தது. ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று திருத்தியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இரண்டாவது, புது மாடல் புல்லட்டின் இடது பக்க கியர் இன்ஜினை அப்படியே தூக்கி வைத்தது. பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர்பெட்டியில் நியூட்ரலுக்கு என்று தனியாக ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அது இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். மூன்றாவது, முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். நான்காவதுதான் நான் செய்தது: அறுத்த மட்கார்டு, தூக்கிய சைலன்சர், ஒற்றை இருக்கை, கரட்டுப் பாதைக்கான பொத்தான் டயர்.

என் மட்கார்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அறுத்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். திரும்பத் தேடியபோது மதுரையில் கிடைத்தவை எல்லாம் புதிய மாடலுக்கான தகடுகள். அவற்றின் வளைவும் வேறு, தாங்கிக் கம்பி வரும் துளையும் வேறு. கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் மூன்று நடை நடந்து, துருப்பிடித்த, ஆனால் அசலான ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். அதைத் தட்டி நிமிர்த்த அதே அளவு கூலி ஆயிற்று. அறுக்க ஆன நேரம் நான்கு நிமிடம்.

தேய்மானப் பொருள்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டயர், டியூப், பிரேக் ஷூ, செயின், கேபிள், பேட்டரி ஆகியவை மாறத்தான் செய்யும். சிலிண்டரின் உட்துளையைக் கடைந்து, அதாவது போர் அடித்து, பெரிய பிஸ்டன் போட்டதையும் என் விஷயத்தில் யாரும் மாற்றமாகக் கருதவில்லை. என்றாலும் லேத் பட்டறையின் ரசீதையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வைத்திருந்தேன். ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் உள்ள புலிக்கண் விளக்குகள், மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் போன்ற சிறு உறுப்புகளைப் பளபளப்புக்காக மாற்றிவிடாதீர்கள். மங்கிய அசலுக்கு இருக்கும் மதிப்பு பளபளக்கும் நகலுக்கு இல்லை. முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்ற ஆசையையும் கொஞ்சம் அடக்குங்கள் என்பது என் கருத்து.

5. எண்களைக் காப்பாற்றுங்கள்

ஆய்வின்போது சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டின் மேலும் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்கள். காகிதத்தில் விழும் எண்ணும் ஆர்சியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். என் வண்டியில் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துக் குழாயில் பொறித்திருந்த எண்ணை, மணல் வீச்சும் அதன் மேல் அடித்த பவுடர் கோட்டிங்கும் சேர்ந்து மூடிவிட்டன. பென்சிலைத் தேய்த்தபோது காகிதம் சீராகக் கறுத்ததே தவிர, ஓர் இலக்கம்கூட எழவில்லை. பட்டறைக்காரரிடம் சொன்னதற்கு, "பெயின்ட்டுக்கு அடியிலதானே தம்பி இருக்கு, எங்க போயிரும்?" என்றார். பெயின்ட் நீக்கியைத் தடவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அங்குலம் அங்குலமாக உரித்து, மூன்றாம் நாள்தான் ஏழு இலக்கங்களையும் வெளியே கொண்டுவந்தேன். கிரைண்டரை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

ஆகவே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும் முன்பே நீங்களே பென்சில் பதிவு எடுத்து, தேதி போட்டு வையுங்கள். எண் பொறித்த இடத்தின் மேல் டேப் ஒட்டி, அங்கே கை வைக்கக் கூடாது என்று வாயாலும் சொல்லுங்கள், காகிதத்திலும் எழுதிக் கொடுங்கள். எண்ணைப் புதிதாகப் பொறித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள், அது குற்றம்.

6. வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்

விலைக்கு வாங்கினால் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும் அன்றே வாங்குங்கள். வாங்கியவர் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆர்சியில் உள்ளவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றால், இடையில் கைமாறிய ஒவ்வொருவரும் உங்களுக்குத் தலைவலிதான். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அப்படிப்பட்ட வண்டியைத் தொட வேண்டாம்.

தாத்தா, அப்பா பெயரில் இருந்தால் படிவம் 31. அதனுடன் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை உறுதிமொழி ஆகியவை வேண்டும். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டிய இதைப் பதினொரு ஆண்டு கழித்துச் செய்யப் போனதால், தாமதத்துக்கான விளக்கத்தையும் நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாரிசுச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ஐந்தாவது வாரத்தில் வந்தது. தேனியில் இருக்கும் அத்தையின் கையெழுத்துக்கு அதைவிட அதிக நாள் ஆயிற்று. "எங்க அப்பா வண்டிய நீ அறுத்துட்டியாமே?" என்று கேட்டுவிட்டு, மட்கார்டைப் பழையபடி வைத்த படத்தைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். இந்த ஒரு படிக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

7. காப்பீடு

வின்டேஜ் விண்ணப்பத்துக்குச் செல்லத்தக்க காப்பீடு கட்டாயம். இணையத்தில் முயன்றால் பல நிறுவனங்களின் தளங்கள் இத்தனை பழைய ஆண்டை ஏற்காது. நேரே கிளை அலுவலகத்துக்கு ஆர்சி நகலோடு போய், மூன்றாம் நபர் காப்பீடு கேளுங்கள். 2022இல் அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி 150 முதல் 350 சிசி வரையிலான இரு சக்கர வாகனத்துக்கு ஆண்டுக்கு 1,366 ரூபாய், வரி தனி. பழைய புல்லட்டின் கொள்ளளவு 346 சிசி என்பதால் இந்த வரிசையில் வரும். சிலர் 350க்கு மேல் என்று கணக்கிட்டு இரு மடங்கு கேட்பார்கள், ஆர்சியைக் காட்டுங்கள்.

புகைச் சான்றுக்கு, 2000 மார்ச் 31க்கு முன் தயாரான இரு சக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம்மும் வரம்பு. கார்புரேட்டர் சரியாக இருந்தால் நான்கு ஸ்ட்ரோக் வண்டி எளிதாகத் தேறும்.

8. விண்ணப்பம், கட்டணம், காலம்

படிவம் 20இல் விண்ணப்பம், காப்பீட்டுச் சான்று, கட்டணம், பழைய ஆர்சி. இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்தில் தந்த பில் ஆஃப் என்ட்ரி. முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். மாநில அளவில் ஒரு பொறுப்பு அதிகாரியும், வண்டியைப் பார்த்துத் தகுதி சொல்லும் குழுவும் உண்டு. அறுபது நாளுக்குள் படிவம் 23ஏ வடிவில் சான்று தர வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த அறுபது நாளை, குறையில்லாத விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுங்கள்; ஒரு நகல் மங்கலாக இருந்ததால் என் விண்ணப்பம் ஒரு முறை திரும்பி வந்தது.

ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். பழைய எண்ணை மாற்ற வேண்டும், அதற்குத் தனியாகச் செலவாகும் என்று சொல்லும் தரகரிடம் ஏமாறாதீர்கள். பின்னாளில் வண்டியை விற்றால், விற்பவரும் வாங்குபவரும் தொண்ணூறு நாளுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

9. ட்ரையல்ஸ் ஆசை உள்ளவர்களுக்கு

ட்ரையல்ஸ் என்பது வேகப் போட்டி அன்று. குறிக்கப்பட்ட கரடுமுரடான பகுதியைக் கால் ஊன்றாமல் கடந்தால் சுழியம். ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி, இரு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறையானாலும் மூன்று, கடக்க முடியாமல் நின்றுவிட்டால் ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வார். பழைய வண்டிகளுக்கான போட்டிகள் ஐரோப்பாவில் நிறைய நடக்கின்றன. அங்கே 1965க்கு முந்தைய வண்டிகள் ஒரு பிரிவு. பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், காற்றால் குளிரும் இன்ஜின், இரு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட 'ட்வின்ஷாக்' வண்டிகள் இன்னொரு பிரிவு. பல்டாக்கோ ஷெர்ப்பா, மொன்டெஸா கோட்டா போன்றவை இந்த இரண்டாம் பிரிவின் புகழ்பெற்ற வண்டிகள். நம் புல்லட்டின் மூதாதையும் 1948இல் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை ட்ரையலில்தான் முதலில் களம் இறங்கியது.

ஆனால் இவை போட்டி நடத்துபவர்கள் வகுத்த விதிகள். ஒரு போட்டிப் பிரிவில் அனுமதிக்கப்படும் உயர்த்திய சைலன்சரும் வெட்டிய மட்கார்டும் நம் வின்டேஜ் பதிவுக்குத் தகுதி தராது. சாதாரணப் பதிவில் இருந்தாலும், அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆசை தீரவில்லை என்றால், பதிவுத் தகுதியெல்லாம் போய்விட்ட வேறொரு பழைய வண்டியை வாங்கி, சொந்தத் தோப்புக்குள் மட்டும் ஓட்டுங்கள். டயரில் காற்றைக் குறைத்து, முதல் கியரில், கிளட்சை ஒரே விரலால் பிடித்து வரப்பு ஏறிப் பழகுவதற்கு ஆர்சி தேவையில்லை. தாத்தாவின் வண்டியைத் தொடாதீர்கள்.

10. பதிவுக்குப் பிறகு பராமரிப்பு

அதிகம் ஓடாத வண்டிதான் அதிகம் கெடும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டாங்கின் உட்புறத்தில் துரு கட்டும். பழைய ரப்பர் குழாய் ஊறி இளகும். எனவே மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும் வரை இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். ரப்பர் குழாயை எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இது தேய்மானப் பொருள்தான், தகுதியைப் பாதிக்காது.

நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் அறையிலிருந்து ஆயில் மெல்லக் கசிந்து இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அளவுகோலை எடுத்துப் பார்த்துவிட்டு, குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றினால், கிளப்பியதும் புகை மண்டும், இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் பீய்ச்சும். சிறிது நேரம் ஓடவிட்டு, ஆயில் திரும்பி ஏறிய பிறகே அளவு பாருங்கள். கிளப்பிய உடனே ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் வரை ஏற அவகாசம் வேண்டும்.

கிக்கர் உதைப்பதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். இடப்பக்கம் சாய்ந்த முள் நடுவுக்கு வரும் இடத்தில், தீப்பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட் திறக்கிறது, பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு சிறிது மட்டும் தள்ளி, டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில் ஓர் உதை. நடுவுக்கு வராத முள்ளோடு ஆத்திரத்தில் உதைத்த என் சித்தப்பாவுக்குக் கணுக்கால் மூன்று வாரம் வீங்கியிருந்தது.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். முனை கறுத்திருந்தால் நயமான எமரித் தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு தடித்த அட்டையால் துடைப்பு, அவ்வளவு போதும். டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இன்ஜின் ஆறிய நிலையில் மட்டும் சரிபாருங்கள்: புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கத்தை இறுக்கி வைத்தால் வால்வு கருகும்.

மதுரை வெயிலில் டயர் ஓடாமலேயே விரிசல் விடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மாதம் ஒரு முறை சக்கரங்களைக் கையால் சுழற்றி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ரிம்முக்கும் ஸ்போக்ஸுக்கும் ஆயில் துணி ஒற்றி எடுங்கள். மூடுவதற்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம். உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி போதும். சைலன்சர் வாயில் ஒரு துணிப்பந்தை அடைத்து, அதில் சிவப்புக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். எலி உள்ளே கூடு கட்டாது, கிளப்பும் முன் எடுக்கவும் மறக்க மாட்டீர்கள்.